நல்ல தண்ணிக் கிணறு உள்ள வீடு

என் வீட்டுக் கிணற்றடியில் முன்பின் தெரியாத ஓர் இளைஞன் இடுப்பில் சாரத்தோடு நின்று பல் துலக்குகிற படத்தை நான் கனடாவில், மகளுடைய குசினி மேசையில் இருந்து பார்த்தேன். படம் அவளுடைய தொலைபேசிக்கு வந்திருந்தது. அனுப்பியது என் தங்கையின் மகள். அவளுக்குக் கலியாணம் முடிந்து இரண்டு மாதம் கடந்திருந்தது. "மாப்பிள்ளை எப்பிடி உம்மா, வடிவா?" என்று கேட்கத்தான் மகள் படத்தைக் காட்டினாள்.

கொழும்பில் ஒரு பத்திரிகையில் நீண்ட காலம் படங்களுக்கு விளக்கம் எழுதியவள் நான். முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது அந்த வேலையில் வந்த பழக்கம். முதலில் ஓரங்களைப் பார்ப்பேன். கொடியில் இரண்டு சாரமும் ஒரு பெண்ணின் வீட்டு உடுப்பும் காய்ந்தன. முருங்கையின் கீழே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. காகம் எச்சமிடாமல் அதன் இருக்கை மேல் சாக்கு போட்டிருந்தார்கள். கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்துச் சவர்க்காரப் பெட்டி ஒன்றைக் கொழுவியிருந்தார்கள். விருந்துக்கு வந்தவன் சுவரில் ஆணி அடிப்பதில்லை.

"இவர் எங்கட வீட்டிலயோ இருக்கிறார்?"

"கலியாணம் அங்கதானே நடந்தது. சாச்சி வீட்டில இடம் காணாதெண்டு."

"கலியாணம் முடிஞ்சு ரெண்டு மாசம்."

"புதுசா முடிச்சவை உம்மா. நாலு நாள் கூட இருந்தா வீடு தேஞ்சு போயிடுமோ?"

 மகள் சாச்சி என்று கூப்பிடுகிற என் தங்கையிடம் வீட்டுத் திறப்புகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தவள் நான்தான். வாரத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து காற்று விடச் சொல்லியிருந்தேன்.

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடப்பதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். புது வீடு கட்டக் கையில் இல்லாத பெற்றோர் தாங்கள் இருக்கிற வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுப் பின்வளவில், சமைக்கிற குசினிப் பக்கம் ஒதுங்குவார்கள். எனக்குக் கலியாணம் நடந்த அன்று எங்கள் உம்மாவும் அப்படித்தான் செய்தார். பாயையும் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார். ஒரு சொல் சொல்லவில்லை. தங்கைக்கு அதே ஒழுங்கையில், எங்கள் குறுந்தெருவிலேயே, சின்னதாகத் தனி வீடு கட்டினார்கள்.

தொண்ணூறாம் ஆண்டுப் போரில் முஸ்லிம்கள் எல்லாரும் ஊரோடு வெளியேற்றப்பட்டபோது இரண்டு வீட்டையும் விட்டுப் போனோம். திரும்பி வந்த காலத்தில் என் வளவில் மிஞ்சியிருந்தவை முன்சுவரும் கிணறும்தான். மற்ற எல்லாவற்றையும் நானும் என் புருஷனும் புதிதாகக் கட்டினோம். அவர் இப்போது இல்லை, மௌத்தாகிவிட்டார். கிணறு பழைய அதே கிணறு. ஒழுங்கையில் நல்ல தண்ணி உள்ள கிணறு அது ஒன்றுதான். தங்கையின் கிணறு சவர், உப்புக் கரிக்கும். துணி துவைக்கலாம், தேத்தண்ணி வைக்க முடியாது.

ஊர் திரும்பி, தங்கள் வீட்டில் வேறு ஆட்கள் குடியிருக்கக் கண்டவர்களைப் பற்றி அந்த நாட்களில் என் மேசைக்கு நிறையச் செய்திகள் வந்தன. பத்திரிகைப் பக்கத்தில் இடமில்லை என்று அவற்றை நான் ஒற்றைப் பத்தியாகச் சுருக்கியிருக்கிறேன்.

மகளின் பிரசவத்துக்காகக் கனடா போனவள், ஒரு வருடத்துக்கு மேல் நின்றுவிட்டேன். நடுவில் மகள் விசாவை நீட்டினாள். பனி முடிந்ததும் வருவேன் என்று ஊருக்குச் சொன்னேன். பனி முடிந்தது. பயணச்சீட்டை நானே எடுத்தேன். அதைச் சொன்ன நாளிலிருந்து மகள் என்னோடு நேரடியாகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதைக் கைக்குழந்தைக்குச் சொன்னாள்.

"உம்மம்மாக்கு எங்களை விடக் கழுதைகள் முக்கியம் செல்லம். மன்னாரில கழுதைகள் பாத்துக்கொண்டு நிக்குதாம்."

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு கனமான பொதியைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டாள். "இது சாச்சின்ர மகளுக்கு. கலியாணப் பரிசு. கவனமாக் கொண்டு போங்க."

கட்டில் விரிப்பு. உறையில் எழுதியிருந்ததை வாசித்தேன். எது கையில் கிடைத்தாலும் வாசிப்பேன். கனடாக் கடைகளில் கிடைப்பவற்றுள் ஆகப் பெரிய அளவு அது. என் தங்கையின் வீட்டில் உள்ள கட்டில்கள் எனக்குத் தெரியும். இரண்டு பேர் படுத்தால் ஒருவருடைய தோள் வெளியே நிற்கும். என் புருஷன் உயரமான மனிதர். அவருடைய அளவுக்கு வேப்பமரத்தில் ஒரு கட்டில் செய்வித்தோம். ஊர்க் கடையில் விற்கிற எந்த விரிப்பும் அதற்குக் காணாது. இரண்டை மூட்டித்தான் விரிப்பேன்.

"இது எந்தக் கட்டிலுக்கு?" என்று கேட்டேன்.

மகள் குசினிக்குப் போய்ப் பால் போத்தலைக் கழுவத் தொடங்கினாள். நானும் பின்னால் போனேன். திரும்பவும் கேட்டேன். அவள் தண்ணீரை நிறுத்தவில்லை.

"உங்கட கட்டிலுக்குத்தான். சாச்சி அளந்து அனுப்பினவ."

"என்ர கட்டிலை ஏன் சாச்சி அளக்கிறா?"

"வீட்டை அவளுக்குக் குடுத்தாச்சு உம்மா. மாப்பிள்ளை பகுதி வீடு கேட்டது. சாச்சி அழுதவ. நீங்க இனி வரமாட்டீங்க எண்டு சொன்னனான்."

"ஆரைக் கேட்டுச் சொன்னனி?"

"விசாவை நீட்டினனானே, அப்ப வேண்டாமெண்டு சொன்னீங்களா? அதோட, அது எனக்குத் தந்த வீடு. என்ர நிக்காஹ்வில ஊருக்கு முன்னால நீங்கதானே சொன்னீங்க. என்ர வீட்டை நான் விரும்பின ஆளுக்குக் குடுப்பன்."

சொன்னது உண்மை. அவள் அந்த வீட்டில் ஒரு மாதம் இருந்தாள். பிறகு புருஷனோடு விமானம் ஏறினாள்.

"குடியிருக்கத் தந்தது. நீ குடியிருக்க வரேல்ல. வா, வந்து இரு. நான் இண்டைக்கே பாயைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போறன்."

"விசர்க் கதை கதைக்காதீங்க. நீங்க போனா இங்க பிள்ளையை ஆர் பாக்கிறது? டே கெயார் என்ன விலை தெரியுமா?"

"தெரியும். அதாலதான் போறன்."

போத்தலை அவள் வைத்த சத்தத்தில் குழந்தை எழும்பியது. நான் போய்த் தூக்கவில்லை. அந்த வீட்டில் நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. மகள் போய்த் தூக்கினாள். கதவை மூடினாள்.

விமான நிலையத்துக்கு மருமகன் கொண்டுபோய் விட்டார். பாதித் தூரம் வானொலியைக் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு, "மாமி, போய் வீட்டைப் பாத்திட்டுத் திரும்பி வாங்கோ. புதுசா முடிச்சதுகள். அதுகளைக் குழப்பாதேங்கோ," என்றார்.

"உங்களுக்கும் முதலே தெரியுமோ?"

அவர் வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

மன்னார் பஸ் நிலையத்தில் தங்கையின் புருஷன், என் மச்சான், ஓட்டோவோடு நின்றார். நான் வரும் நாளை அவருக்குச் சொல்லவில்லை. மகள் சொல்லியிருக்கிறாள். என் சூட்கேசை நான் பிடிக்க முன்னரே அவர் பிடித்துவிட்டார்.

"வாங்கோ மச்சி, வாங்கோ. மெலிஞ்சு போனியள். எல்லாம் ஆயத்தம். முன்னறையைத் தூத்தி, புது ஃபானும் போட்டு வச்சிருக்கிறம்."

"எங்க?"

"எங்கட வீட்டில."

"ஏன், என்ர வீட்டில ஃபான் இல்லையோ?"

ஓட்டோக்காரர் சிரித்தார். மச்சான் அவரைப் பார்த்து முறைத்தார். வழியெல்லாம் கனடாவின் குளிரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே, மடியில் வைத்த தொலைபேசியில் ஒரு விரலால் எதையோ எழுதினார். சந்தியில் நான்கைந்து கழுதைகள் தெருவை மறித்து நின்றன. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார், அவை அசையவில்லை. ஒழுங்கைக்குள் திரும்பியதும் மச்சான் தன் வீட்டுப் படலையைக் காட்டி, "இதில நிப்பாட்டும்," என்றார்.

"நிப்பாட்டாதேங்கோ," என்றேன். "அங்கால, நல்ல தண்ணிக் கிணறு உள்ள வீடு."

ஓட்டோக்காரர் எங்கள் இரண்டு பேரையும் கண்ணாடியில் பார்த்தார். கூலி தரப்போவது யார் என்று யோசித்திருக்க வேண்டும். நான் காசைக் கையில் எடுத்தேன். ஓட்டோ நேரே போனது.

வீட்டின் நிறம் மாறியிருந்தது. பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு நிறம். மருந்துக் குளிசைகளில் காணலாம். தகரப் படலைக்குப் பதிலாக இரும்புக் கேற். என் திறப்பு அந்தப் பூட்டுக்குள் நுழையவே இல்லை. வெளியில் நின்று ஸலாம் சொன்னேன்.

உள்ளிருந்து ஓர் ஆண் குரல் பதில் தந்தது. "வ அலைக்கும் ஸலாம். ஆரு?"

அந்த வீட்டுக்குள்ளிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. 

"வீட்டுக்காரி."

"வீட்டுக்காரி குசினிக்க நிக்கிறா," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அவர் கேற்றைத் திறந்தார். படத்தில் கண்ட அதே ஆள். தோளில் என் துவாய். பின்னால் நின்ற மச்சானையும் சூட்கேசையும் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார்.

"மாமி... நீங்க கனடாவில நிண்டிட்டீங்க எண்டெல்லோ சொன்னவை?"

"வந்திட்டன்."

விறாந்தையில் ஏறிக் கதிரையில் இருந்தேன். தங்கையின் மகள் குசினி வாசலில் வந்து நின்றாள். "பெரியம்மா," என்றாள். கையில் வெங்காயம் மணத்தது. உள்ளே அறைக் கதவு திறந்து கிடந்தது. என் கட்டிலும் என் அலுமாரியும் தெரிந்தன. அலுமாரிக் கண்ணாடியில் அவர்களுடைய கலியாணப் படத்தை ஒட்டியிருந்தார்கள். என் புருஷனுடைய படம் மாட்டியிருந்த ஆணியில் ஒரு மணிக்கூடு தொங்கியது.

தங்கை முக்காடு நழுவ ஓடிவந்தாள். "ராத்தா, இதென்ன? நேர வந்து இறங்கி மாப்பிள்ளைக்கு முன்னால... ஒரு சொல் சொல்லிப்போட்டு வரப்படாதோ?"

"என்ர வீட்டுக்கு வர நான் ஆருக்குச் சொல்லோணும்?"

"உன்ர மகள் தந்தவ. ஃபோனில எல்லாரும் கேக்கச் சொன்னவ. நாங்கள் என்ன களவெடுத்தனாங்களோ? பெயின்ற் அடிச்சம், கேற் போட்டம், குளிக்கிற இடத்துக்கு டைல்ஸ் பதிச்சம்."

"பெயின்ற்றைச் சுரண்டிக்கொண்டு போ."

"வயசு போகப் போக உனக்கு நாக்கு நீளுது ராத்தா."

"உனக்குக் கை நீண்டிருக்கு."

மச்சான் நடுவில் வந்து, "பொம்பிளையள் சண்டை பிடிச்சா ஊர் சிரிக்கும்," என்றார். சுவருக்கு மேலே ஏற்கெனவே இரண்டு முக்காடுகள் தெரிந்தன.

மாப்பிள்ளை தூணோடு நின்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னிடம் வந்தார். அவர் முசலிப் பக்கத்து ஆள். வயற்காரக் குடும்பம். அவர் பேச்சு சுருக்கமாக இருந்தது.

"மாமி, எனக்கு உங்களோட கோபமில்ல. வீடு எண்டுதான் எங்கட உம்மாக்குச் சொன்னவை. வந்து பாத்து, கிணத்துத் தண்ணி குடிச்சுப் பாத்துத்தான் உம்மா சம்மதிச்சவ. வீடு இல்லையெண்டா அவ என்னைக் கூப்பிட்டிடுவா. நான் போக வேண்டி வரும்."

தங்கையின் மகள் குசினிக்குள் போனாள். அழுகிறாள் என்று தெரிந்தது. அந்தப் பெண்ணின் மேல் எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. என் அலுமாரியின் திறப்பு அவளுடைய இடுப்பில் தொங்குவதைப் பார்த்துவிட்டேன்.

"உங்களுக்கு வீடு இருக்கு தம்பி," என்று அவருக்குச் சொன்னேன். "மாமியாரைக் கேளுங்கோ. அவ இருக்கிறது வீடுதானே?"

தங்கை என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை அவளுடைய மாப்பிள்ளையும் கண்டார்.

"அது என்ர வீடு," என்றாள்.

"இதை எனக்குத் தரேக்க இது உம்மான்ர வீடு."

"அப்ப நான் எங்க போறது?"

"உம்மா போன இடத்துக்கு. குசினிக்கு."

 என் வீட்டை அவள் எடுத்ததற்குக் காரணம் வறுமை அல்ல. தன் வீட்டு விறாந்தையை விட்டு இறங்க அவளுக்கு மனமில்லை. அதை மாப்பிள்ளையும் அந்த இடத்தில்தான் விளங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். அவர் மாமியாரை நிமிர்ந்து பார்த்த முதல் பார்வை அதுவாக இருக்கலாம்.

நான் எழும்பவில்லை. அன்றைக்கும் அதற்குப் பிறகு சில நாட்களுக்கும் அந்த வீட்டின் முன்னறையில் பாய் விரித்து இருந்தேன். என் கட்டிலில் அவர்கள் படுத்தார்கள். சோறு நேரத்துக்கு வந்தது, உப்பில்லாமல். நான் படுக்கப்போனதும் முன்னறையின் மின்சாரம் நின்றது, வீட்டின் மற்றப் பக்கம் எரிந்தது. அலுமாரி மேலே நான் வைத்துவிட்டுப் போன, ஓதி எண்ணுகிற தஸ்பீஹ் மணிக்கோவையைக் காணவில்லை, அதைக் கேட்டபோது "எங்க வச்சனோ தெரியேல்ல பெரியம்மா," என்று பதில் வந்தது.

ஒழுங்கைப் பெண்கள் ஒவ்வொருவராகச் சுகம் விசாரிக்க வந்தார்கள். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். ஒருத்தி குரலைத் தணித்து, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டாள்.

"கனடாவில மகள் இருக்க விடேல்லையாமே, உண்மையோ?"

"ஓம். உங்கட மகள் விடுறாவோ?"

அவள் மகளோடு ஒரே வீட்டில் குசினியைப் பங்குபோட்டு இருக்கிறவள். தேத்தண்ணியை முடிக்காமல் எழும்பினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குள் வரவில்லை. நேரே தங்கையின் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்த பேச்சு ஒழுங்கை முழுவதும் கேட்டது. அவர் சத்தம் போடவில்லை, தங்கைதான் போட்டாள். வீட்டை மகளுக்குத் தாருங்கள், இல்லாவிட்டால் பின்னேரம் பஸ்ஸில் முசலிக்குப் போகிறேன், மகளை எப்போது அனுப்புவது என்று நீங்களே சொல்லுங்கள். இவ்வளவுதான் அவர் கேட்டது. தங்கை என் பெயரையும் எங்கள் உம்மாவின் பெயரையும் இழுத்தாள். மச்சான் கடைசியில், "சரி, வீட்டை விடு," என்றது கேட்டது.

பின்னேரம் சாமான் தங்கையின் வீட்டுக்குப் போனது. மோட்டார் சைக்கிள், உடுப்புப் பெட்டி, ரிவி, மணிக்கூடு. கேற்றையும் கழற்றுவோமா என்று மச்சான் யோசித்துக்கொண்டு நின்றார். பிறகு விட்டுவிட்டார். தங்கை சுவரில் இருந்த சவர்க்காரப் பெட்டியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போனாள். சாந்து ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது.

கனடாவிலிருந்து கொண்டுவந்த விரிப்பைத் தங்கையின் மகளிடம் கொடுத்தேன். பரிசு அவளுக்குத்தான் வந்தது, அதை வைத்திருக்க எனக்கு உரிமையில்லை. அவள் வாங்கிக்கொண்டாள். இப்போது அந்தச் சின்னக் கட்டிலில் நாலாக மடித்துப் போடுகிறாளாம்.

தங்கையும் மச்சானும் தங்கள் வீட்டுப் பின்பக்கத்துக் குசினியோடு சாய்வாக ஓர் இறக்கு இறக்கி, தகரம் போட்டு இருக்கிறார்கள். மதியத்தில் அதற்குள் இருக்க முடியாது. மாலையில் அவள் கதிரையை வெளியே போட்டு, என் கேற்றுக்கு முதுகு காட்டி இருப்பாள். என்னோடு பேச்சில்லை. மகள் தொலைபேசி எடுப்பதில்லை. நான் எடுத்தால் மருமகன் பதில் சொல்வார். பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது என்று அவர்தான் சொன்னார். ஒரு படம் அனுப்பச் சொன்னேன். இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு நான் மறுபடி வெள்ளை அடிக்கவில்லை. என் புருஷனுடைய படத்தைப் பழைய ஆணியில் மாட்டினேன். கட்டிலில் இரண்டு விரிப்பை மூட்டிப் போட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்குச் சவர்த் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் விடிந்ததும் இரண்டு பிளாஸ்ரிக் கான்களோடு வருவார். தண்ணீரை மறுக்க மார்க்கத்தில் இடமில்லை, நானும் மறுக்கவில்லை. கேற்றுக்கு வெளியே நின்று ஸலாம் சொல்வார். அவருடைய குரல் எனக்கு நன்றாகத் தெரியும். கான்கள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தமும் தெரியும். இருந்தும் விறாந்தையிலிருந்து எழும்ப முன்னர் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன்.

"வ அலைக்கும் ஸலாம். ஆரு?"

அவர் தான் இன்னாருடைய மருமகன் என்று சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் போய்க் கேற்றைத் திறப்பேன்.